பழைய ரோடு சைக்கிளுக்கு எந்த ஹெட்செட்? பிராண்டு பாக்குறதுக்கு முன்னாடி வெர்னியர எடுங்க

ஹெட்செட்னா முன் சக்கரத்தப் புடிக்கிற ஃபோர்க் ஃபிரேமுக்குள்ள சுத்துறதுக்கு மேலயும் கீழயும் இருக்குற பேரிங் செட்டு. பழைய ரோடு சைக்கிள் வச்சிருக்கவங்க ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. ஃபிரேமோட மேல் கம்பியப் புடிச்சு முன் சக்கரத்தத் தரையில இருந்து தூக்கிட்டு ஹேண்டில ஒரு விரலால லேசா தட்டி விடுங்க. ஹெட்செட் நல்லா இருந்தா அது பாட்டுக்கு ஒரு பக்கமா சாஞ்சு விழுந்துடும். அப்படி விழாம, சக்கரம் நேரா நிக்கிற அந்த நடு இடத்துல மட்டும் டக்குனு ஒரு குழிக்குள்ள உக்காந்த மாதிரி நின்னுச்சுனா கீழ் ரேஸ்ல, அதாவது பால்ஸ் ஓடுற வளையத்துல, பால்ஸ் பதிஞ்சு தடம் விழுந்திருக்குனு அர்த்தம். ஓட்டும்போதும் தெரியும், கைய விட்டா வண்டி நேரா போகாம இப்படியும் அப்படியுமா அலையும்.

பள்ளத்துல வேகமா இறங்கி இறங்கித்தான் இந்தக் குழி விழுதுனு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஜாப்ஸ்ட் பிராண்ட்னு ஒரு இன்ஜினியர், சைக்கிள் விஷயத்துல செம கறாரான மனுஷன், அவர் சொன்ன விளக்கம் வேற. நேரா ஓட்டும்போது பால்ஸ் உருளுறதே இல்ல, ஒரே இடத்துல நிக்குது, ஃபோர்க் முன்னும் பின்னும் கொஞ்சூண்டு வளைஞ்சு நிமிருறதால அந்த ஒரே இடத்துலயே உரசிக்கிட்டு கெடக்கு, அங்க இருந்த கிரீஸ் ஒதுங்கிப் போயிடுது, இரும்பும் இரும்பும் நேரா ஒரசி அரிச்சு குழி ஆகுது. அதாவது சுத்தியல் அடி இல்ல, அரிப்பு. இது எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, கீழ நான் சொல்லப் போற சாய்ஸ்ல பாதி இந்த ஒரு விஷயத்துல தான் நிக்குது.

சரி, மாத்திடலாம்னு முடிவு பண்ணி நான் முதல் தடவ செஞ்ச காரியத்தச் சொல்றேன். ஜப்பான்ல செஞ்ச ஒரு 80கள் ஃபிரேம், ஒரு இன்ச் த்ரெட்டட், அதாவது மரை போட்ட ஹெட்செட்னு தெரியும், அவ்வளவு போதும்னு நெனச்சு பளபளனு ஒண்ண வாங்கிட்டு வந்து பழச எல்லாம் தட்டிக் கழட்டிட்டேன். மேல மரை அழகா ஏறுச்சு. பேரிங் உக்கார்ற கப்ப ஹெட் ட்யூப்ல, அதாவது ஃபிரேமோட முன்னாடி இருக்குற குழாய்ல, வச்சு அமுக்கினா வாயிலயே நிக்குது. கிரவுன் ரேஸ, அதாவது ஃபோர்க் அடியில தட்டி உக்கார வைக்கிற வளையத்த, ஃபோர்க்ல போட்டா பாதி வழியில கூட இல்ல, ஆரம்பத்துலயே நிக்குது. கொஞ்சம் பலமா தட்டினா உள்ள போயிடும்னு கை துறுதுறுனுச்சு, நல்ல வேளை தட்டல. அப்புறம் தான் வெர்னியர் காலிப்பர வச்சு அளந்து பாத்தேன்: ஃபோர்க்ல ரேஸ் உக்கார்ற இடம் 27 மிமீக்கு மேல, நான் வாங்கினது 26.4 ரேஸ். இதுல பிராண்டோட தப்பும் இல்ல கடையோட தப்பும் இல்ல, அளக்காம வாங்கின என் தப்பு தான்.

அதனால ஹெட்செட்ட ஒப்பிடுறதுக்கு முன்னாடி உங்க வண்டிய ஒப்பிடுங்க. ஒரு இன்ச்னு ஒரே பேர்ல மூணு நாலு ஜாதி இருக்கு.

முதல் அளவு, ஃபோர்க் மரை. ஐஎஸ்ஓனு சொல்ற சர்வதேச அளவும் ஜேஐஎஸ்னு சொல்ற ஜப்பான் அளவும் மரையில ஒண்ணு தான், 25.4 மிமீ தடிமன், இன்ச்சுக்கு 24 மரை. இத்தாலியும் அதே தான், மரையோட கோணம் மட்டும் 60 டிகிரிக்கு பதிலா 55, நடைமுறையில ஒண்ணுக்கொண்ணு ஏறிடும், லேசா டைட்டா இருக்கும் அவ்வளவு தான். பழைய பிரெஞ்சு வண்டி, 70கள்ல வந்த பெஷோ, மோட்டோபெக்கான், ஜிட்டான் மாதிரி வண்டிங்கனா 25 மிமீ தடிமன், ஒரு மரைக்கு 1 மிமீ. நாட்டிங்ஹாம்ல செஞ்ச பழைய ராலி வண்டிங்கள்ல நிறைய 25.4 தடிமன்லயே இன்ச்சுக்கு 26 மரை, இது அவங்களுக்குனே தனி அளவு. மரை அளக்குற கேஜ் இல்லனா கவலை வேண்டாம், வெர்னியரோட ஒரு முனைய ஒரு மரையோட உச்சியில வச்சு பத்து மரை எண்ணி அடுத்த முனைய வைங்க. 10.58 கிட்ட வந்தா 24 மரை, சரியா 10 வந்தா பிரெஞ்சு, 9.77 கிட்ட வந்தா ராலி. 24 மரைக்கும் பிரெஞ்சுக்கும் அர மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம், கண்ணுக்கே தெரியும். பிரெஞ்சுக்கும் ராலிக்கும் கால் மில்லிமீட்டர் கூட இல்ல, அங்க தடிமனையும் சேத்துப் பாருங்க. கிரீஸும் துருவும் மரை இடுக்குல இருந்தா தப்பா காட்டும், பல் தேய்க்கிற பழைய பிரஷ் ஒண்ண எடுத்து மண்ணெண்ணெய்ல தேச்சுட்டு அளங்க.

இதுல ஆபத்தான ஒரு கேஸ் இருக்கு. ஐஎஸ்ஓ லாக் நட்டு, அதாவது ஃபோர்க் உச்சியில எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டுற நட்டு, பிரெஞ்சு ஃபோர்க்ல ஏறும். ஆமா, ஏறும், கையாலயே சொகமா சுத்திக்கிட்டு இறங்கும், ஏன்னா நட்டு 0.4 மிமீ பெருசு. "அட பொருந்திடுச்சே"னு சந்தோஷப்பட்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினீங்கன்னா மரை வழுக்கிட்டுப் போயிடும், ஃபோர்க்கும் போச்சு. மரை ரொம்ப ஈசியா ஏறுச்சுனா அங்கேயே நிறுத்திடுங்க.

ரெண்டாவது கிரவுன் ரேஸ். ஐஎஸ்ஓவுக்கு 26.4, ஜேஐஎஸ்க்கு 27.0. ஃபோர்க்ல உக்கார்ற இடம் ரேஸ விட ஒரு நூல் பெருசா இருக்கும், டைட்டா புடிக்கணும்ல, அதனால 26.5 வந்தா ஐஎஸ்ஓ, 27.1 வந்தா ஜேஐஎஸ்னு எடுத்துக்கலாம். மூணாவது, ஹெட் ட்யூபுக்குள்ள அமுக்குற கப். ஐஎஸ்ஓ 30.2, ஜேஐஎஸ் 30.0. ஹெட் ட்யூபுக்குள்ள வெர்னியர விட்டு அளக்குறது கொஞ்சம் ஏமாத்து வேல, பழைய ட்யூபு கோழி முட்ட மாதிரி நசுங்கியிருக்கும், மூணு பக்கம் திருப்பி அளந்து பாக்கணும். அத விட லேசு, கழட்டின பழைய கப்போட அமுக்குற பகுதிய வெளிப்பக்கம் அளந்துடுறது. இன்னொண்ணு, ஜப்பான் வண்டினாலே ஜேஐஎஸ்னு கண்ண மூடிட்டு முடிவு பண்ணாதீங்க, நல்ல தரத்துல ஏற்றுமதிக்குச் செஞ்சதுல ஐஎஸ்ஓவும் வரும்.

நாலாவது தான் எல்லாரும் கோட்ட விடுறது, ஸ்டாக் ஹைட். ஃபோர்க்ல ரேஸ் உக்கார்ற இடத்துல இருந்து ஸ்டீரர் ட்யூபோட, அதாவது ஹெட் ட்யூபுக்குள்ள போற ஃபோர்க் குழாயோட, உச்சி வரைக்கும் அளங்க, அதுல ஹெட் ட்யூபோட நீளத்தக் கழிங்க, மிச்சம் இருக்கறது தான் ஹெட்செட்டுக்கு உள்ள இடம். உதாரணத்துக்கு 178 மிமீல 140 போனா 38. இப்போ 41 கேக்குற ஹெட்செட்ட வாங்கினா லாக் நட்டு ரெண்டே மரையில தொங்கிட்டு நிக்கும், அத நம்பி வண்டிய ஓட்டக் கூடாது. 36 கேக்குறத வாங்கினா 2 மிமீ ஸ்பேசர் ஒண்ணு போட்டு சமாளிச்சுக்கலாம். அதனால சந்தேகம்னா கம்மி உயரம் தான் சேஃப், ஆனா மரையில சுத்தி இறக்குற மேல் ரேஸ் இறங்குற வரைக்கும் ஃபோர்க்ல மரை இருக்கானு பாத்துக்கோங்க, சில ஃபோர்க்ல மரை கொஞ்ச தூரம் தான் வெட்டியிருப்பாங்க.

ஸ்பேசர் பத்தி சொல்லும்போது ஒண்ணு ஞாபகம் வருது. ஒரு தடவ லாக் நட்ட எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகவே இல்ல, நட்டு கல்லு மாதிரி டைட்டா இருக்கு, ஃபிரண்ட் பிரேக்கப் புடிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டினா டொக் டொக்குங்குது. ஒரு மணி நேரம் பேரிங்க திட்டிட்டு இருந்தேன். கடைசியில பாத்தா லாக் நட்டோட உள்பக்கம் மேல ஒரு விளிம்பு இருக்குல்ல, அது ஸ்டீரர் உச்சியில போய் முட்டிட்டு நிக்குது, கீழ இருக்குற வாஷர தொடவே இல்ல. ஒன்னரை மிமீ வாஷர் ஒண்ணு போட்டேன், முடிஞ்சுது.

இனி சாய்ஸுக்கு வருவோம்.

இருக்கறதையே சரி பண்றது. மொத சாய்ஸ் எப்பவும் இதுவா தான் இருக்கணும்னு நான் சொல்லுவேன், பிரெஞ்சு இல்ல ராலி மரைனா ரெண்டாவது யோசனையே வேண்டாம். மொத்தமா கழட்டி கழுவி, தகட்டு வளையத்துல (இதையும் கேஜ்னு தான் சொல்லுவாங்க) கோத்த பால்ஸத் தூக்கிப் போட்டுட்டு லூஸ் பால்ஸா நிரப்புங்க. கேஜ் இல்லாம போட்டா ரெண்டு மூணு பால்ஸ் கூட உக்காரும், எடை பிரிஞ்சு விழும், அத விட முக்கியம் பழைய குழியோட புது பால்ஸ் வரிசை ஒத்துப் போகாது. கிரவுன் ரேஸையும் கழட்டி கொஞ்சம் திருப்பி உக்கார வச்சா இன்னும் நல்லது. முழுசா நெருக்கி அடைக்காதீங்க, ஒரு பால் அளவு சந்து விடுங்க. சைஸ கவனிங்க, பெரும்பாலும் 5/32 இன்ச், காம்பக்னோலோ ரெக்கார்டு மாதிரி சிலதுல 3/16. கலந்து போட்டா வேலைக்கே ஆகாது. குழி ஆழமா இல்லாத வரைக்கும் இந்த வைத்தியம் நிறைய நாள் தாங்கும். குழிய நகத்தால தடவினா நகம் மாட்டுதுனா ரேஸ மாத்தித் தான் ஆகணும்.

அடுத்தது பாதி மாத்துறது. எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இது தான். யோசிச்சுப் பாருங்க, அரிப்பு விழுறது எப்பவும் கீழ, ஏன்னா எடையும் அதிர்வும் அங்க தான் விழுது. மேல் பகுதி முக்கால்வாசி வண்டியில புதுசு மாதிரியே இருக்கும். கிடைக்காத மரை இருக்கறது எங்க? மேல. கீழ் கப்புலயும் கிரவுன் ரேஸ்லயும் மரையே கிடையாது, அமுக்கி உக்கார வைக்கிறது தான், அந்த அளவு பிரெஞ்சுக்கும் ஐஎஸ்ஓவுக்கும் பெரும்பாலும் ஒத்துப் போகும். அப்போ ஒரு சாதா ஐஎஸ்ஓ ஹெட்செட் வாங்கி அதுல இருந்து கீழ் கப்பு, கிரவுன் ரேஸ் ரெண்ட மட்டும் எடுத்துப் போட்டு, மேல பழைய பிரெஞ்சு ரேஸையும் லாக் நட்டையும் அப்படியே வச்சுக்கிட்டா வண்டி ஓடும். கீழ் ஜோடியும் மேல் ஜோடியும் தனித்தனி, ஒண்ணோட பால்ஸ் சைஸ் இன்னொண்ணுக்குத் தெரியாது. ஜோடிய மட்டும் பிரிக்காதீங்க, ஒரு கம்பெனி கப்புல வேற கம்பெனி ரேஸ் போட்டா பால்ஸ் தொடுற கோணம் மாறிடும், வெளிய பாக்க பொருந்தின மாதிரி இருக்கும், ஒரு மாசத்துல அரைச்சுடும். கீழ் ஜோடியோட உயரம் பழசுக்குக் கிட்டத்தட்ட இருக்கானும் பாத்துக்கோங்க. பாக்க கொஞ்சம் ஒட்டுப் போட்ட சட்ட மாதிரி இருக்கும், குனிஞ்சு பாக்குறவனுக்குத் தான் தெரியும்.

முழுசா புதுசு, சாதா இரும்பு பால்ஸ் டைப். டாங்கே லெவின் மாதிரி. ஐஎஸ்ஓவோ ஜேஐஎஸ்ஸோ வச்சிருக்கவங்களுக்கு இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்லனு தான் என் கருத்து. 26.4லயும் வருது 27.0லயும் வருது, வாங்கும்போது எதுனு ரெண்டு தடவ கேட்டுக்கோங்க. குரோம் பூசினது, பழைய வண்டியில வச்சா பொருத்தமா இருக்கும், கழட்டி கிரீஸ் போட்டுக்கிட்டே இருந்தா பல வருஷம் வரும். பளபளப்புல அலுமினியம் கிட்ட கொஞ்சம் தோத்துப் போகும், வெயிட்டும் கூட தான். ஹெட்செட்ல குறைக்கிற அம்பது நூறு கிராம வச்சு என்ன பண்ணப் போறோம்னு தெரியல.

பழைய ஸ்டாக்ல இருக்குற ஒரிஜினல், ஷிமானோ 600, டியூரா ஏஸ், காம்பக்னோலோ இதெல்லாம். வண்டியோட அதே வருஷத்து செட்ட தேடிப் புடிச்சு போடுறது ஒரு போதைனு எனக்கும் தெரியும். டப்பாவோட வந்தா சந்தோஷமா வாங்குங்க. "லேசா ஓட்டினது"னு சொல்லி வர்றதுல கிரவுன் ரேஸோட போட்டோவ கிட்டத்துல எடுத்து அனுப்பச் சொல்லுங்க, வட்டமா புள்ளி புள்ளியா தெரிஞ்சா வேண்டாம், நீங்க காசு குடுத்து வாங்குறது இன்னொருத்தரோட குழி. ஒரே மாடல் பேர்ல ஐஎஸ்ஓ, பிரெஞ்சுனு வேற வேற மரையிலயும் வந்திருக்கும், பேர வச்சு நம்பாதீங்க.

சீல்டு கார்ட்ரிட்ஜ் பேரிங் டைப், அதாவது பால்ஸ் எல்லாம் உள்ள வச்சு மூடி ஒரே வளையமா வர்றது. கிறிஸ் கிங், வெலோ ஆரஞ்சு மாதிரி ஆளுங்க ஒரு இன்ச் த்ரெட்டட்ல போட்டிருக்காங்க. மழையில தெனமும் ஓட்டுறவங்களுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ கூட கழட்டிப் பாக்காத சோம்பேறிகளுக்கு, இது தான் சரி. தண்ணி அவ்வளவு சீக்கிரம் உள்ள போகாது, தேஞ்சா பேரிங்க மட்டும் தூக்கிப் போட்டுட்டு வேற போடலாம், கப்பு அப்படியே இருக்கும். ஆனா அந்த பேரிங் எல்லாம் ஒண்ணு இல்ல, உள் விட்டம், வெளி விட்டம், அது மட்டும் இல்லாம ஓரம் சீவியிருக்குற கோணம், 36 டிகிரியா 45 டிகிரியானு பாத்து தான் வாங்கணும், இல்லனா உக்காந்த மாதிரி நடிக்கும். பெரும்பாலும் 26.4 ரேஸோட தான் வரும், ஜேஐஎஸ் ஃபோர்க் வச்சிருக்கவங்க அங்கயே நின்னுடுவாங்க.

ஸ்ட்ராங்லைட் கம்பெனியோட ஏ9 ஹெட்செட் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எனக்கு அது மேல ஒரு தனிப் பாசம். பால்ஸே கிடையாது, கூம்பு வாக்குல அடுக்கின சின்னச் சின்ன ரோலர்ங்க. பால் ஒரு புள்ளியில தொடும், ரோலர் ஒரு கோடா தொடும், அதனால குழி விழுறது குறையும். ரோலர் ஓடுற இரும்புத் தகடு தனியா கழண்டு வரும், தேஞ்சா அத மட்டும் மாத்தலாம், அலுமினியம் உடம்பு அப்படியே இருக்கும். பிரெஞ்சு மரையிலயும் செஞ்சாங்க. குறை என்னன்னா ரொம்ப ரோஷக்காரன். ஹெட் ட்யூபோட ரெண்டு வாயும் ஒண்ணுக்கொண்ணு நேரா சீவியிருக்கணும், கொஞ்சம் கோணலா இருந்தாலும் ஒரு பக்கம் இறுகும் ஒரு பக்கம் லூசாகும், எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணினாலும் நடு நிலைக்கே வராது. நசுங்கின பழைய ஃபிரேமுக்கு பால்ஸ் தான் மன்னிக்கும்.

ஃபிரேமையே திருத்துறது. ஜேஐஎஸ் ஃபோர்க்ல ரேஸ் உக்கார்ற 27.1ஐ சீவி 26.5 ஆக்கலாம், ஹெட் ட்யூப உள்பக்கம் சீவி (ரீம் பண்ணி) 30.2 கப்புக்கு வழி பண்ணலாம், அதுக்குனே கட்டர் இருக்கு, கட்டர் வச்சிருக்குற நல்ல மெக்கானிக் கையில குடுத்தா சுத்தமா வரும். கொறைச்ச இரும்பு திரும்பி வராது, ஆனா அதுக்கப்புறம் கடையில கிடைக்கிற எல்லா ஐஎஸ்ஓ ஹெட்செட்டும் உங்களுக்குப் பொருந்தும், அது சும்மா விஷயம் இல்ல. ரம்பத்தாலயும் அரத்தாலயும் வீட்ல நீங்களே சீவலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ரேஸ் கோணலா உக்கார்ந்தா மேல என்ன போட்டாலும் வீண். ராலி 26 மரை மேல மரை வெட்டுற 24 டைய ஓட்டுறவங்களும் இருக்காங்க, பழைய மரையும் புது மரையும் ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டு என்ன மிஞ்சுதோ அதுல தான் உங்க முன் சக்கரம் நிக்கப் போகுது, எனக்கு அந்த தைரியம் இல்ல. பிரெஞ்சு ஃபோர்க்ல அது கூட முடியாது, 25ல இருந்து 25.4 மரை வெட்ட இரும்பே இல்ல.

ஃபோர்க்கையே மாத்திடுறது கடைசி வழி. மரை ஏற்கனவே போயிடுச்சுனா வேற வழி இல்ல. ஒரு இன்ச் ஐஎஸ்ஓ ஃபோர்க்கா பாத்து வாங்கினா ஹெட்செட் பிரச்சினை ஒரேயடியா தீரும், ஆனா வளைவு, பிரேக் எட்டுற தூரம், ஸ்டீரர் நீளம்னு மூணு புது பிரச்சினை வரும். ஹேண்டில ஃபோர்க்கோட சேக்குற ஸ்டெம்மோட தடிமனும் மாறும், பழைய பிரெஞ்சுக்கு 22.0, மத்ததுக்கு 22.2. அந்த 0.2க்காக பிரெஞ்சு ஃபோர்க்ல 22.2 ஸ்டெம்ம அடிச்சு இறக்குனவங்கள பாத்திருக்கேன், உள்ள போச்சு, வெளிய வரல. அதே மாதிரி த்ரெட்லெஸ், அதாவது மரையே இல்லாத ஹெட்செட் கிடைக்குதேனு மரை வெட்டின ஃபோர்க்ல மாட்டாதீங்க, ஸ்டெம் கடிக்கிற இடம் மரை மேல வரும், ஸ்டீரர் உடையுற இடம் அது தான்.

மாட்டுற வேலைய சுருக்கமா சொல்லிடுறேன். கப்ப அமுக்க நீளமான மரை கம்பி ஒண்ணு, ரெண்டு பக்கமும் தடிச்ச வாஷர், நட்டு போதும், ஒரு நேரத்துல ஒரு கப்பு, கோணலா போகுதுனா நிறுத்தி தட்டி எடுத்துட்டு மறுபடி. கிரவுன் ரேஸுக்கு ஸ்டீரர் மேல சொருகுற மாதிரி ஒரு பைப் துண்டு, ரேஸோட உள் விளிம்புல மட்டும் படணும், பால்ஸ் ஓடுற தடத்துல படக் கூடாது. லாக் நட்டுக்கு 32 ஸ்பேனர் தான் அதிகம் கேக்கும். அட்ஜஸ்ட் பண்ணும்போது மேல் ரேஸ சரியா வச்சுட்டு லாக் நட்ட இறுக்கினீங்கனா அது ரேஸ கீழ அமுக்கி டைட்டாக்கிடும், அதனால துளி ஆட்டம் இருக்கும்போதே இறுக்க ஆரம்பிங்க, இறுக்கி முடிக்கும்போது ஆட்டம் போயிருக்கும். மூணு நாலு தடவ ஆகும், ஒரே தடவையில வந்துச்சுனு சொல்றவங்கள நான் நம்புறது இல்ல.

என் ஜப்பான் ஃபிரேமுக்கு கடைசியில 27.0 ரேஸோட இரும்பு பால்ஸ் செட்டு ஒண்ணு தான் போட்டேன். தப்பா வாங்கின அந்த 26.4 செட்டு சும்மா கெடந்துச்சு, அதுல இருந்த கீழ் கப்பும் ரேஸும் இப்போ நண்பரோட பிரெஞ்சு வண்டியில ஓடிட்டு இருக்கு, மேல அவரோட பழைய மங்கின லாக் நட்டு.

மிச்சம் இருக்குற மேல் ரேஸும் லாக் நட்டும் டப்பாவுல இருக்கு. ஐஎஸ்ஓ மரை, யாருக்காவது ஆகும்.